நீத்தார் நினைவும் நம் கடமையும்

இல்வாழ்வான் போற்றத்தக்க ஐவருள் தென்புலத்தாரைத் திருவள்ளுவர் முதற்கண் வைத்தார். இக்கடன் எள்ளும் நீரும் இறைத்தலோடு முடிந்துவிடுவதாக நம் முன்னோர் கருதினாரல்லர். இறந்தார் இன்னார், இன்ன ஊரார், இன்னது செய்து மாய்ந்தார் என்பதைப் பின்வருவோர் அறியுமாறு நிலைபெறுத்தலும் அக்கடனின் ஒரு கூறென்றே கொண்டனர். அவ்வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அண்மைக் காலத்தில் நம்மைப் பிரிந்த உறவினர்பொருட்டு நம் மரபினர் ஆற்றற்பாலது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரில் மாய்ந்தாருக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவிய புறநானூற்றிலோ, வீரனுடைய பெயரைக் கல்லிற் பொறித்து மயிற்பீலி சூட்டி வழிபட்ட செய்தி காணப்படுகின்றது. பெயர் பொறித்தல் என்னும் இச்செயலை அன்பர்கள் சிறப்பாக நோக்குதல் வேண்டும். ஏனெனில், பெயரில்லாத கல் இரண்டு தலைமுறை கழிந்தபின் வெறுங் கல்லாகவே எஞ்சும்.

இலக்கியங் கூறும் இவ்வழக்கு மெய்யாகவே நிலவியதென்பதற்குத் தக்க சான்று 2006-ஆம் ஆண்டிற் கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சார்ந்த புலிமான்கோம்பை என்னும் ஊரில், தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாய்ந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல்லாகும். அக்கல்லில் உள்ளவை ஒரு சில சொற்களே. அவன் மலையை நிகர்த்தவன் என்றோ, கடலினும் பெரியவன் என்றோ அச்சொற்கள் புகழ்ந்துரைக்கவில்லை. பெயரும் ஊரும் நிகழ்ச்சியும் மட்டுமே உள்ளன. ஆயினும் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தபின்னும், அவன் இன்னான் என்று நாம் அறிய அவையே போதுமாயின.

செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல் இன்னும் வியக்கத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது அது. தன் எருமைகளைக் காத்துப் பொருது மாய்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு அக்கல் எடுக்கப்பட்டது. அவனுடன் அவனது நாயும் அதில் இடம்பெற்றுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்து அவ்விடத்தே காத்துநின்றது என்பதும் எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழக அரசின் தொல்லியல் துறையார் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலால் அப்பகுதிக் கற்கள் பலவற்றின் செய்தி கற்றோர்க்கெல்லாம் கிட்டிற்று. நாய் ஒன்றின் பெயரும் செயலும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைத்திருக்க, நம் பாட்டனாரின் தாயார் பெயர் யாதென வினவினால் நம்முட் பலர் விடை கூற இயலாது நிற்றல் வருந்தத்தக்கதன்றோ?

நிற்க. வேந்தர் தம் முன்னோரை நினைவுகூர்தற்குப் பள்ளிப்படைக் கோயில்கள் எழுப்பினர். முதலாம் இராசராசன் தன் பாட்டனாகிய அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் ஒரு கோயிலெடுத்தான். முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னையாகிய பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையில் ஒரு கோயிலெடுத்தான். புலவரும் தம்மைப் புரந்தார் இறந்தவிடத்துக் கையறுநிலை பாடினர். பாரியையும் அதியமானையும் கோப்பெருஞ்சோழனையும் நாம் இன்றும் அறிதற்கு அப்பாடல்கள் பெரிதும் துணைசெய்கின்றன.

ஆயினும் இவ்வழக்கில் ஒரு குறையுண்டு. போரில் மாய்ந்தாருக்குக் கல் கிடைத்தது. அரசருக்குக் கோயில் கிடைத்தது. புரவலருக்குப் பாட்டுக் கிடைத்தது. உழுதும் நெய்தும் வனைந்தும் முதுமையெய்தி அமைதியாக இறந்தாருக்கோ யாதும் கிடைத்திலது. பெண்டிர்க்குக் கல் எடுக்கப்பட்ட இடங்களிலும், கணவனோடு எரிபுகுந்தமைபற்றி எடுக்கப்பட்ட சதிக்கற்களே பலவாக உள்ளன. இறந்த வகையால் அவர் நினைக்கப்பட்டனரேயன்றி வாழ்ந்த வகையால் நினைக்கப்பட்டிலர்.

இக்குறை நம் செங்குந்தர் மரபின் வரலாற்றிலும் தெளிவாகக் காணப்படுகின்றது. சோழர் கல்வெட்டுக்களில் வரும் தெரிஞ்ச கைக்கோளப் படைகளின் பெயர்களை நம் கூட்டங்களில் எடுத்தோதுகின்றோம். விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் மூவர் அவையிலும் வீற்றிருந்து மூவருலாப் பாடிய ஒட்டக்கூத்தர் நம்மவரென்று பெருமை கொள்கின்றோம். எழுபத்திரண்டு நாட்டு மரபையும், விசயநகர வேந்தர் காலத்தில் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை பெற்ற செய்தியையும் மறவாது கூறுகின்றோம். இவையாவும் கூறத்தக்கனவே. ஆயின், அந்நூற்றாண்டுகளிலெல்லாம் தறிக்குழியில் அமர்ந்து, விடியலில் தெருவிற் பாவு விரித்துக் கஞ்சியிட்டு, நாட்டுக்கு ஆடை அளித்தார் யார் என வினவினால் நம்மிடம் விடை யில்லை. குலத்தின் பெருமை வேந்தரவையிலும் போர்க்களத்திலும் மட்டும் விளைந்ததன்று; தறியிலும் விளைந்ததாகும். அத்தறியில் உழைத்தார் பெயரை ஒருவரும் எழுதிவையாமையின் அவ்வரலாறு நமக்குக் கிட்டாதொழிந்தது.

பிற்காலத்தில் அச்சு வந்தபின் சரமகவி என்னும் இரங்கற்பா பெருகிற்று. பொருள் படைத்தார் இறந்தால், புலவரைக் கொண்டு பாக்கள் இயற்றுவித்து அச்சிட்டு வழங்குதல் வழக்கமாயிற்று. இப்பாக்களைப் படிப்போர் ஒன்றை எளிதில் உணர்வர். இறந்தார் எவராயினும் கொடையிற் கற்பகமாகவும், பொறையில் நிலமாகவும், அறிவிற் கடலாகவுமே பாடப்படுவர். பெயரை நீக்கி மற்றொரு பெயரை இட்டாலும் பா பொருந்திவிடும். எல்லார்க்கும் பொருந்தும் புகழ்ச்சியால் ஒருவரையும் அறிதல் இயலாது. அவர் எவ்வூரிற் பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார், எத்துன்பம் வந்தபோது எங்ஙனம் நின்றார் என்னும் செய்தியைப் பாவினுள் தேடினும் காண்டல் அரிது.

இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தமிழர் இவ்வகையில் நமக்கு ஒரு நல்வழி காட்டுகின்றனர். ஒருவர் இறந்தபின் அந்தியேட்டி நாளில் அவர்பொருட்டு அச்சிட்டு வழங்கும் சுவடியை அவர்கள் ‘கல்வெட்டு’ என்றே வழங்கினர். இந்நாளில் நினைவு மலர் எனவும் கூறுவர். கல் தாளாக மாறியபின்னும் பெயர் மாறாதிருத்தல் நோக்கத்தக்கது. அவற்றுட் பலவற்றில் புகழ்ப்பாக்களோடு வாழ்க்கை வரலாறும் வமிச வழியும் சேர்க்கப்பட்டிருத்தலின், ஊர் வரலாறு எழுதுவார்க்கு அவை பெருந்துணையாகின்றன. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தார் அத்தகைய நினைவு வெளியீடுகளையும் திரட்டி யாவரும் படிக்குமாறு வைத்துள்ளனர்.

வாழ்க்கை வரலாற்றை எங்ஙனம் எழுதவேண்டும் என்பதற்குச் சாமிநாதையரவர்களே சிறந்த எடுத்துக்காட்டாவார். அவருடைய ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டிற் காலமாயினார். அவருடைய சரித்திரம் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இடையே சென்றவை ஐம்பத்தேழு ஆண்டுகள். மாணாக்கர் உயிரோடிருந்தமையாலும், அவர் தம் ஆசிரியரைப்பற்றிய செய்திகளைப் பலவிடத்தும் தேடித் திரட்டினமையாலுமே அது கைகூடிற்று. அப்பெரியாருக்குச் சாமிநாதையர் வாய்த்தார். தறி நெய்து மாய்ந்த நம் பாட்டனார்க்கு வாய்க்கத்தக்கவர் நாமேயன்றிப் பிறர் யார்?

இவ்வேலையைக் காலந்தாழ்த்த இயலாமைக்குக் காரணம் உண்டு. 2009-10-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுதும் கைத்தறித் தொழிலாளர் ஏறக்குறைய 43 லட்சம் பேர் இருந்தனர். 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஏறக்குறைய 35 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்தாண்டுகளில் இவ்வளவு தேய்வு. முதியோர் ஒருவர் மறையுந்தோறும் அவர் அறிந்த தொழில் நுட்பமும் உடன் மறைகின்றது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடல் ஒரு நிறமாகவும் கரை மற்றொரு நிறமாகவும் அமைய அதனை நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்வாரோடு உடனிருந்து கரை நாடாவைச் செலுத்த வேறொருவரும் வேண்டும். அக்கைப்பழக்கத்தை நூல்கள் முற்றும் கற்பிக்க மாட்டா. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு அது. மகன் வேறு தொழில் நாடிச் சென்றபின் தந்தையும் மறைந்தால், அதனை வினவுதற்குக்கூட ஆளிராது.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் பரவிய கொரோனா நோய் இத்துயரை மிகுவித்தது. அந்நாட்களில் இறந்தார் பலர்க்கு உற்றார் கூடி அழுதலும் வாய்க்கவில்லை. ஈமச் சடங்கிற்கு வருவார் தொகைக்கு அரசாங்கம் வரம்பு விதித்திருந்தது. பெற்ற மக்களே தொலைவில் நின்று விடைகொடுத்த இல்லங்கள் பல. இழவு வீட்டிற் கூடியிருக்கும்போதுதான் இறந்தாருடைய பழைய செய்திகளை முதியோர் எடுத்துரைப்பர், இளையோர் கேட்பர். அக்கூட்டமே இல்லாதொழிந்தமையின் அச்செய்திகளும் கைம்மாறாமலே போயின. அவ்வாண்டுகளில் மறைந்தாருடைய வாழ்க்கையை எழுதுதல், அவர்க்கு அன்று செய்ய இயலாத கடனை இன்று செய்வதாகும்.

பெண்டிரைப்பற்றித் தனியே கூறவேண்டுவது அவசியம். மேற்கூறிய 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளருள் 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்டிரே. நூலை இராட்டையிற் சுற்றித் தாராக்கித் தருவாரின்றித் தறி ஓடுவதெங்ஙனம்? பாவு பிணைத்தலும், இழை அறுந்தவிடத்து முடித்தலும், கணவன் நோயுற்றபோது தறியில் தாமே அமர்தலும் அவர் செய்தவை. அங்ஙனமிருந்தும் நம் இரங்கற் குறிப்புக்களில் அவர் ‘இன்னாரின் துணைவியார்’, ‘இன்னாரின் தாயார்’ என்றே குறிக்கப்படுகின்றனர். பிறந்த வீட்டாரும் பிறந்த ஊரும் குறிக்கப்படுவதில்லை. சில குறிப்புக்களில் பெயருமில்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னே கல்வெட்டியவன் செய்த அளவேனும் நாம் செய்தல் வேண்டாமா?

‘பிறப்பு இறப்புப் பதிவேடு அரசாங்கத்தில் இருக்கின்றதே, வேறு எழுத்து எதற்கு?’ எனச் சிலர் வினவலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பைப் பதிதல் கட்டாயமே. ஆயினும் அப்பதிவேடு ஒருவர் இறந்த நாளையும் இடத்தையும் கூறுமேயன்றி வாழ்ந்த வாழ்வைக் கூறாது. ‘இறந்தாருடைய வறுமையையும் கடனையும் எழுதுதல் இழிவன்றோ?’ என வேறு சிலர் தடுக்கலாம். எருமை காத்து மாய்ந்தான் எனக் கல்லிற் பொறித்தலை எடுத்தனூரார் இழிவென்று கருதினாரல்லர். நூல் விலை ஏறியகாலத்துத் தறியை விற்றதும், பின்னர்க் கூலிக்கு நெய்து மக்களைப் படிக்கவைத்ததும் ஒருவருடைய வாழ்வில் நிகழ்ந்திருப்பின், அவற்றை மறைத்து அவரை வள்ளலென்று எழுதுதலே அவர்க்கு இழிவு. அவர் பட்ட பாட்டை நாம் மதியாமையை அது காட்டும்.

ஆதலின் நம் சங்கத்தாரும் குடும்பத்தாரும் பின்வருமாறு செய்யலாமென விண்ணப்பித்துக் கொள்கின்றேன். ஒருவர் மறைந்த ஓராண்டிற்குள், உடன் பிறந்தாரும் உடன் தொழில் செய்தாரும் உயிரோடிருக்கும்போதே, அவர் வாழ்க்கையை இரண்டு பக்க அளவில் எழுதுக. பெயர், பெற்றோர் இருவர் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், கற்ற தொழில், கற்பித்தவர் பெயர், நெய்த ஆடைவகை, அடைந்த இடையூறு, செய்த நன்மை ஆகியவை அதில் அமைக. அவர் வாயில் வழங்கிய தொழிற்சொற்களையும் அவர் சொன்னவாறே குறித்துவைக்க. கேள்வியால் அறிந்ததை இன்னார் சொன்னார் எனக் குறிக்க. எழுதத் தெரிந்த பிள்ளைகளை இதில் ஈடுபடுத்துக. பாட்டியின் வரலாற்றைப் பேர்த்தி எழுதுதல் அவளுக்குத் தமிழ்ப் பயிற்சியுமாகும். எழுதியதில் ஒரு படி வீட்டிலும், ஒரு படி சங்கத்திலும், ஒரு படி ஊர்ப் பொதுநூலகத்திலும் இருத்தல் நன்று. திங்கள்தோறும் இவ்விதழில் இரண்டு பக்கங்களை இதற்கென ஒதுக்குமாறு இதழாசிரியரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம் பத்தாண்டுகள் செய்வோமாயின், நம் மரபின் மெய்யான வரலாறு ஒன்று தானே உருவாகும். அதில் ஒட்டக்கூத்தரும் இருப்பர். அவர் உடுத்தது போன்ற ஆடையை நெய்த எளியோரும், அதற்கு நூல் சுற்றிய பெண்டிரும் பெயரோடு இருப்பர். இந்நற்பணிக்குச் செவ்வேள் திருவருள் துணைநிற்பதாக.