உருகுவதற்கென்றே ஒரு கம்பி

மாலையில் விளக்கு திடீரென்று அணைந்தால், "பியூஸ் போய்விட்டது" என்று சொல்லுகிறோம். போனது யாது, எதற்காகப் போயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பழைய வீடுகளின் மரப்பலகையில் பொருத்திய பீங்கான் பிடியைக் கழற்றிப் பார்த்தால், அதனுள் மெல்லிய கம்பி ஒன்று உருகி அறுந்திருக்கக் காணலாம். அக்கம்பி கெட்டுப்போகவில்லை, தன் கடமையை முடித்துவிட்டது. வீட்டைக் காக்கும்பொருட்டுத் தான் அழியுமாறு அமைக்கப்பட்ட பொருள் அது. அதன் வரலாற்றை அறிந்தால், பழைய பியூஸ் பெட்டியை ஏன் மாற்றவேண்டும் என்பதும் விளங்கும்.

மின்னோட்டம் செல்லும் கம்பி சூடேறும். அவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பதை 1841-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜூல் எடுத்துரைத்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆதலின், அளவுக்கு மீறிய மின்னோட்டம் சுவருக்குள் ஒளிந்திருக்கும் கம்பியின் உறையைக் கருக்கித் தீயை மூட்டவல்லது. அத்தீமையைத் தடுக்கும் வழியும் அதே விதியிலேயே அடங்கியிருந்தது. 1847-இல் பிரெஞ்சு நாட்டுப் பிரெகே, இடி மின்னலினின்று தந்தி நிலையங்களைக் காக்க, வழியில் ஓரிடத்தில் மெல்லிய கம்பியை இணைக்கலாம் என்றார். மற்றவை சூடேறுமுன் மெல்லியது உருகிப் பாதையைத் துண்டித்துவிடும் அன்றோ? இக்கருத்தை மின்விளக்குக்குப் பொருத்தி 1880-ஆம் ஆண்டு மே மாதத்தில் காப்புரிமை பெற்றார் எடிசன். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வீடுகளுக்குள் புகுந்தபோது, பியூஸும் உடன் புகுந்தது.

கருவி எளியது, பழுதறியாதது. எனினும், அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பு மனிதன் கையில் இருந்தது. குறை அங்கேதான் நேர்ந்தது. விளக்குக்கென்று இழுத்த கம்பியில் நாளடைவில் இஸ்திரிப் பெட்டியும், வெந்நீர்க் கருவியும், குளிர்ப்பெட்டியும் வந்து சேர்ந்தன. பியூஸ் அடிக்கடி போயிற்று. அமெரிக்க வீடுகளில் 15, 20, 30 ஆம்பியர் பியூஸ்கள் யாவும் ஒரே திருகுமரையில் பொருந்தின. ஆதலின், 15 இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைத் திருகியவர் பலர். செப்பு நாணயத்தையே பியூஸின் பின்னே செருகியவரும் உண்டு. நம் வீடுகளிலோ, கையில் அகப்பட்ட செப்புக் கம்பியை இரண்டு மூன்று புரியாக முறுக்கிக் கட்டினோம். விளக்கு எரிந்தது, பியூஸும் பிறகு போகவில்லை. ஆனால் பியூஸ் உருக மறுத்தால், சுவருக்குள் இருக்கும் கம்பியே பியூஸாகிவிடும் என்பதை மறந்தோம்.

ஆகவே, அடுத்து வந்த சீர்திருத்தங்கள் மனிதன் கையால் ஏமாற்ற இயலாத காவலனைத் தேடின. ஒவ்வோர் அளவுக்கும் வெவ்வேறு மரையுள்ள பியூஸ்கள் அமெரிக்காவில் தோன்றின. ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலோ, ஹியூகோ ஸ்டோட்ஸின் தொழிற்கூடம் 1924-இல் ஒரு சிறு தானியங்கி விசைக்குக் காப்புரிமை பெற்றது. நாம் இன்று எம்.சி.பி. என்று அழைக்கும் கருவியின் முன்னோடி அதுவே. இக்கருவியில் இரு காவலர் உளர். சுமை சிறிது மிகுந்தால், இரு உலோகங்கள் ஒட்டிய தகடொன்று சூட்டால் மெல்ல வளைந்து இணைப்பை விடுவிக்கும். கம்பிகள் நேரே உரசிக்கொண்டால், மின்காந்தம் நொடியில் ஒரு சிறு பங்கிலேயே துண்டித்துவிடும். உருகுவது எதுவுமில்லை, மாற்றிக் கட்டக் கம்பியும் இல்லை.

ஆயினும், இவையிரண்டும் காப்பது கம்பியையே, மனிதனை அன்று. 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லியாம்பியருக்கு வழிவிடும். மனித இதயத்தை நிறுத்த 100 மில்லியாம்பியரும் வேண்டுவதில்லை. மின்சாரம் உடலை எங்ஙனம் தாக்குகிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்த கலிபோர்னியப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், மிகச் சிறு கசிவையும் கண்டறியும் கருவியை 1961-இல் வகுத்தார். ஐரோப்பிய அறிஞரும் இத்துறையில் உழைத்தனர். செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாயிருத்தல் வேண்டும். குறைந்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஒருவர் உடல் வழியே, ஓடுகிறது என்பது பொருள். இன்று வீடுகளில் பொருத்தப்பெறும் ஆர்.சி.சி.பி. பொதுவாக 30 மில்லியாம்பியர் கசிவுக்குள்ளாகவே துண்டித்துவிடும்.

மாணவர்களே, பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் மட்டும் போதாது. எம்.சி.பி.யின் அளவு கம்பியின் தாங்கும் ஆற்றலுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். "அடிக்கடி டிரிப் ஆகிறது" என்று பெரிய அளவுள்ளதைப் பொருத்துவது, நாணயம் செருகிய பழைய பிழையே அன்றி வேறன்று. உறை நைந்த பழங்கம்பியையும் தரை இணைப்பையும் சோதித்தல் வேண்டும். இப்பணி உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியது. பெட்டிக்குள் வரும் தலைப்புக் கம்பியில், விசையை அணைத்த பின்னும், மின்சாரம் இருக்கும்.

ஆயினும் உங்களுக்கும் ஒரு பணி உண்டு. இன்று வீடு சென்றதும் அப்பெட்டியை, தொடாமல், ஒருமுறை பாருங்கள். பீங்கான் பிடிகளைக் கண்டால் பெரியவர்களிடம் கேளுங்கள்: "இதனுள் கடைசியாகக் கம்பி கட்டியவர் யார்? எந்தக் கம்பியைக் கட்டினார்?" விடை தெரியாதெனில், அப்பெட்டியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.