எந்த ரகத்திலும் சேராதவர்கள்: மனச்சிதைவின் ஒரு பெட்டி உருவாகிக் கலைந்த கதை

1

பைத்தியத்துக்கு வரலாறு உண்டு என்று மிஷேல் ஃபூக்கோ 1961இல் எழுதியது தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போன விஷயம். பைத்தியத்தை ரகம் பிரிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த ரகத்திலும் அடங்காதவர்களைப் போட்டுவைக்க அந்த வரலாற்றில் எப்போதும் ஒரு பெட்டி இருந்து வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது.

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் கிளியனூர்ப் பக்கம் ஒருவருக்கு மனம் பேதலித்தால் ஊர் வாய் என்ன சொல்லும்? ‘சோத்துல மருந்து வெச்சுட்டாங்கன்னு சாப்புட மாட்டேங்கறான்.’ ‘சம்பந்தமில்லாம சிரிக்கறான், பேச்சுக்கு தலையும் இல்ல வாலும் இல்ல.’ ‘கைய தூக்கிவிட்டா தூக்குனபடியே நிக்கறான்.’ ‘குளிக்கறதில்ல, மூலையிலயே குந்திகினு கெடக்கறான்.’ மருத்துவப் புத்தகம் இந்த நான்கையும் வெவ்வேறு இடங்களில் வைத்தது. முதலாவது சந்தேக வகை. இரண்டாவது சிதறல் வகை. மூன்றாவது உறைநிலை வகை. நான்காவது, ஆர்வமும் செயலும் வற்றிப்போகிற எதிர்மறைக் குறிகள். நான்கும் ஒரே ஆளிடம் கலந்து வந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் வகைப்பாட்டில் அதற்கு எஃப் 20.3 என்று ஓர் எண் இருந்தது. ‘வேறுபடுத்தப்படாத மனச்சிதைவு’ என்று தமிழில் சொல்லலாம். மனச்சிதைவின் பொது விதிகளுக்குப் பொருந்தும். ஆனால் எந்த உள்வகைக்கும் பொருந்தாது, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளின் குறிகள் எதுவும் தூக்கலாக இல்லாமல் கலந்து நிற்கும் என்பது அதன் இலக்கணம். அதாவது, ‘இது என்ன’ என்று சொல்லாமல் ‘இது எதுவாக இல்லை’ என்று சொல்லும் வரையறை.

2

இந்தப் பெட்டி ஐரோப்பியச் சரக்கு மட்டும்தானா? இல்லை. சரக சம்ஹிதை உன்மாதத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் வருபவை மூன்று. மூன்றும் ஒன்றாகக் கெட்டு வரும் சன்னிபாதம் நான்காவது. வெளியிலிருந்து வந்து பற்றுவது ஐந்தாவது. கலவையான அந்த நான்காவது வகையைத் தீராதது, வைத்தியன் கைவிட வேண்டியது என்று சரகம் ஒதுக்கிவிடுகிறது. குறிகள் கலந்து வருவதும் கைவிடப்படுவதும் இப்படி வெகு காலத்துக்கு முன்பே ஜோடி சேர்ந்துவிட்டன.

ஐரோப்பாவில் ஹெக்கர் 1871இல் சிதறல் வகையை விவரித்தார். அதே 1871இல்தான் சென்னையில் மனநோயாளர் விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1874இல் கால்பாம் உறைநிலையை எழுதினார். இவற்றையும் சந்தேக வகையையும் ஒரே நோயின் முகங்கள் என்று எமில் கிரெப்பலின் 1899இல் கட்டிவைத்து, இளமையிலேயே வரும் அறிவுத்தேய்வு என்று பெயரிட்டார். தேய்ந்துகொண்டே போகும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே எழுதப்பட்ட தீர்ப்பு. இது தேய்வு அல்ல, ஒரே நோயும் அல்ல என்று மறுத்து, ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் ‘ஸ்கிஸோஃப்ரீனியா’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1911இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே ‘மனச்சிதைவுகளின் குழு’ என்று பன்மையில்தான் பேசியது. 1920இல் கிரெப்பலினே, தான் போட்ட வேலி நோயாளிகளிடம் நிற்கவில்லை என்று சந்தேகப்பட ஆரம்பித்தார். 1933இல் கஸானின், மனநிலைக் கோளாறும் மனச்சிதைவும் கலந்து வருபவர்களுக்கென்று இன்னொரு பெயர் வைத்தார். வேலி போடப்போட, வேலிமேல் உட்கார்ந்திருப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

கடைசியில் வேலியையே பிடுங்க வேண்டியதாயிற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு 2013இல் உள்வகைகள் அனைத்தையும் கைவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் வகைப்பாடும் அப்படியே செய்தது. காரணம் எளிது. இன்று சந்தேக வகை என்று எழுதப்பட்டவர் சில ஆண்டுகளில் வேறு வகையாகத் தெரிந்தார். வகையை வைத்து எந்த மருந்து கேட்கும் என்றோ, பிற்காலம் எப்படியிருக்கும் என்றோ சொல்ல முடியவில்லை. இப்போது மாயக்குரல், பிறழ்நம்பிக்கை, பேச்சுச் சிதறல், எதிர்மறைக் குறிகள், மனநிலை, அறிவாற்றல் என ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமை என்று தனித்தனியாக அளக்கிறார்கள். விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்ட கலவைதான் விதி என்று ஒரு நூற்றாண்டு கழித்து மருத்துவம் ஒப்புக்கொண்டது.

3

சரி, பெயர் போனால் என்ன, இருந்தால் என்ன? பெயர் சும்மா இருப்பதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், விவாகரத்துக்கான காரணங்களில் மனக்கோளாறைச் சேர்த்து, அதில் மனச்சிதைவும் அடங்கும் என்று பெயர் சொல்லி எழுதியது. எல்லா மனநோய்களுக்கும் இந்த ‘மரியாதை’ கிடைக்கவில்லை. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அதன் கடுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்துபோகும் திருமணங்கள் இதற்குக் கீழே இருக்கின்றன. மணமுறிந்த மனச்சிதைவுப் பெண்களைப் பற்றி ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் சென்னையில் செய்த ஆய்வில், நோயின் இழிவைவிட வாழாவெட்டி என்ற இழிவுதான் பலரை அதிகம் வருத்தியது தெரியவந்தது.

தமிழ்ப்பெயரும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. ‘மனப்பிளவு’ என்றதும் ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் என்று நினைக்கிறோம். ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ (இரண்டும் 2005) காட்டிய பிளவு ஆளுமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானியர்கள் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பழைய பெயரை 2002இல் கைவிட்டு, ஒருங்கிணைவுக் கோளாறு என்று மாற்றினார்கள். கொரியாவில் தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதுப்பெயர் எடுத்தார்கள். சுருதி கலைந்ததைத் திரும்பச் சேர்க்கலாம். சிதைந்ததை என்ன செய்வது? தமிழ் இதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

4

இங்கே ஃபூக்கோவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. அவர் விவரித்த ‘பெரும் அடைப்பு’ நம் ஊரில் நடந்ததா? 1858, 1912 சட்டங்கள் காலனிய அரசுக்கு அடைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. ஆனால் கட்டில் எங்கே? தமிழ்நாடு முழுமைக்குமான கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருப்பது சுமார் 1800 படுக்கைகள். இங்கே அடைப்பு அரசின் சுவருக்குள் நடந்ததைவிட வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் கோயில், தர்கா வளாகங்களிலும்தான் அதிகம் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அந்தச் சங்கிலியை அரசு போடவில்லை. அரசு அங்கே இல்லவே இல்லை. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். கடுமையான புகார்கள் எழுந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நம்மிடம் அதிகாரம் கண்காணிப்பாக இயங்குவதைவிடக் கைகழுவலாக இயங்குகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இதனால் டெல்யூஸும் கத்தாரியும் 1972இல் மனச்சிதைவை விடுதலையின் உருவகமாக்கியதை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் சங்கடம் உண்டு. தத்துவத்துக்கு அது உருவகம். ராத்திரி பூராவும் குரல் கேட்டுத் தூங்காதவருக்கு அது உருவகம் இல்லை.

5

சிகிச்சை என்ன? எந்தக் கலவையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேர் மனநோய்க்குப் பயன்படுவதை எழுதினார்கள். உலகம் கவனிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிகரும் குளோர்ப்ரோமசினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து நவீன மருந்துகளின் காலம் தொடங்குகிறது. இந்த மருந்துகள் மாயக்குரலையும் பிறழ்நம்பிக்கையையும் நன்றாகக் குறைக்கும். மூலையில் குந்திக் கிடப்பதை அவ்வளவாக அசைக்காது. அதற்குப் பேச்சும் வேலையும் குடும்பத்துக்குப் புரியவைத்தலும் வேண்டும். உறைநிலைக்கு லொரசிபாமும், தேவைப்பட்டால் மயக்க மருந்தோடு கொடுக்கும் மின்அதிர்வும் பலன் தரும். கை நடுக்கம், விறைப்பு, உடல் பருமன், சர்க்கரை ஆகிய பக்கவிளைவுகளை மறைக்கக் கூடாது. சொல்லாமல் விட்டால் நோயாளி தானே மாத்திரையை நிறுத்துவார், நோய் திரும்பும்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் கேட்பதில்லை. அவர்களுக்கு க்ளோசபின் இருக்கிறது. வெள்ளணுக்களைக் குறைத்து உயிரிழப்பை உண்டாக்கியதால் 1975இல் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டு, 1988இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு திரும்பிய மருந்து. தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். கிளியனூர்க்காரர் ஒருவர் அதே சாலையில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்வர வேண்டுமென்றால், வாரம் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. மருந்து கேட்காதவர் என்று நாம் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் பஸ் கேட்காதவர்கள்?

தீராத நோய் என்ற பேச்சுக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பின் ஆய்வாளர்கள், 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறுபான்மைதான். பெரும்பாலோருக்கு நோய் வந்தது, தணிந்தது, மறுபடி வந்தது. ‘மூன்றாம் உலகக் குடும்பம் நோயைக் குணமாக்கும்’ என்று இதைப் பாடலாக்கிவிடக் கூடாது. அந்தக் குடும்பம் என்பது பெரும்பாலும் ஓர் அம்மா, ஒரு மனைவி, ஓர் அக்கா.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையும் மயக்க மருந்தில்லாத மின்அதிர்வையும் தடைசெய்தது. சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அத்தியாவசிய மருந்துகள் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. உள்ளூர் இயக்கங்கள் கையிலெடுக்க வேண்டிய வாசகம் இந்த ‘எப்போதும்’தான். மாத்திரை எந்த மாதம் தீர்ந்துபோனது, ரத்தப் பரிசோதனை எங்கே நின்றுபோனது, பதிவில்லாத காப்பகத்துக்கு யார் அனுப்பிவைத்தார்கள் என்று வட்டாரவாரியாகக் கேட்டு எழுதிவைக்கலாம். பெட்டியை மருத்துவப் புத்தகம் கலைத்துவிட்டது. அதற்குள் இருந்தவர்கள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.