கேட்டால் பதில் சொல்ல வேண்டும்: பார்சிலோனா நகரத்தின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த பிறகு ஆற அமரப் படியுங்கள்.

எங்கள் தெருமுனை விளக்கு எரியாமல் மூன்று வாரம் ஆகிறது. பேரன் என் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தான். படம் எடுத்துப் புகார் பதிந்தேன். நான்காம் நாள், புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்று இரவு வாசலில் நின்று பார்த்தேன். கும்மிருட்டு. “பாட்டி, ஆப்புல தீந்துடுச்சு, தெருவுலதான் தீரல” என்று பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் ஊரின் வரலாறு.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்று ஒரு துறைமுக நகரம். 1850-களில் அது கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் காற்று வராத அறைகளில் வாழ்ந்தன. 1854-இல் காலரா வந்தது. அதே ஆண்டில்தான் சுவரை இடிக்க அனுமதியும் கிடைத்தது.

சுவருக்கு வெளியே புது நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் இல்டெஃபான்ஸ் செர்தா என்ற பொறியாளர். அவர் முதலில் கோடு போடவில்லை, கணக்கெடுத்தார். தொழிலாளியின் கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்று 1856-ஆம் ஆண்டு நிலையை வைத்துப் பெரிய புள்ளிவிவர நூலே எழுதினார். பிறகுதான் வரைபடம். 20 மீட்டர் அகலத் தெருக்கள். பக்கத்துக்கு 113 மீட்டர் அளவில் சதுரமான மனைத்தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பக்கம் மட்டும் வீடு, நடுவில் தோட்டம்.

ஆனால் ஊர் மன்றம் 1859-இல் ஒரு போட்டி வைத்து, அந்தோணி ரோவிரா என்ற வேறொருவரின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. மாட்ரிட்டில் இருந்த மத்திய அரசு அதைத் தள்ளிவிட்டு, செர்தாவின் திட்டத்தையே நடத்தும்படி உத்தரவிட்டது. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஆனால் மேலிருந்து வந்து இறங்கிய திட்டம். பிற்காலத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, தோட்டத்துக்கு விட்ட இடத்திலெல்லாம் கட்டடம் எழும்பியது. மக்களைத் துல்லியமாக அளந்த மனிதரின் திட்டத்தைக் காக்க அந்த மக்கள் உடன் நிற்கவில்லை. அவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தோற்றுப்போன ரோவிராவுக்கு அந்த ஊரின் கிராசியா பகுதியில் ஒரு சிலை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போட்ட திட்டம் வெண்கலத்தில் காலடியில் பதிக்கப்பட்டிருக்கிறது. கிராசியா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

ஒன்றரை நூற்றாண்டு தாண்டி வாருங்கள். 2011 முதல் உலக ஸ்மார்ட் சிட்டி மாநாடு பார்சிலோனாவில் நடந்து வருகிறது. தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, வண்டி நிறுத்துமிடம் என்று எல்லாவற்றிலும் உணர்கருவிகள். அவை அனுப்பும் தகவலைத் திரட்டும் மென்பொருளுக்கு ‘சென்டிலோ’ என்று பெயர். எஸ்பெராண்டோ மொழியில் உணர்கருவி என்று பொருள். மறுபடியும் மக்கள் அளக்கப்பட்டார்கள். மறுபடியும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

அதே 2011 மே மாதம் 15-ஆம் தேதி ஸ்பெயின் முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலை போய், கடன் கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஏராளம். சதுக்கங்களில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, “எங்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள்” என்றார்கள். வீடு இழந்தவர்களுக்காகப் போராடிய அதா கொலாவ் என்ற பெண்மணி 2015-இல் பார்சிலோனா மேயரானார்.

2016 பிப்ரவரியில் மாநகராட்சி ‘தெசிதீம்’ என்ற இணையதளத்தைத் திறந்தது. கத்தலான் மொழியில் ‘நாம் முடிவு செய்கிறோம்’ என்று அர்த்தம். அடுத்த நான்காண்டுக்கு நகரம் என்ன செய்ய வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். மற்றவர்கள் ஆதரிக்கலாம், மறுத்துப் பேசலாம். 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. கணினி தெரியாதவர்களையும் விட்டுவிடவில்லை. பேட்டை பேட்டையாக நூற்றுக்கணக்கான கூட்டங்கள் போட்டு, அங்கே வாயால் சொன்னதையும் தளத்தில் ஏற்றினார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இனிமேல் வருவதுதான். ஒவ்வொரு யோசனைக்கும் கீழே நகராட்சியின் பதில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். ஏற்றுக்கொண்டால் எந்தத் திட்டத்தில் சேர்த்தோம் என்று சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மென்பொருளின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், தங்கள் ஊருக்கும் பயன்படுத்தலாம். ஹெல்சின்கி நகரம் அப்படி எடுத்துக்கொண்டது.

இப்போது கிராசியாவுக்கு வருவோம். அங்கே ‘பிளாசா தெல் சோல்’, அதாவது சூரியச் சதுக்கம், என்று ஒரு சிறிய திடல். இரவெல்லாம் இளைஞர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் இல்லை. பல ஆண்டுகள் புகார் செய்தும் பயனில்லை. 2017-இல் ஓர் ஐரோப்பியத் திட்டத்தின் கீழ் அவர்களுக்கே சிறு கருவிகள் கொடுத்தார்கள். சத்தம், வெப்பம், காற்று மாசு எல்லாவற்றையும் அளக்கும் கருவி. அந்த ஊர்ப் பட்டறை ஒன்றிலேயே உருவானது. பால்கனியில் மாட்டி அவர்களே அளந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது. சதுக்கத்துச் சத்தமோ அந்நிறுவனம் சொல்லும் அளவுகளை வெகுவாகத் தாண்டியது. “தூங்க முடியவில்லை” என்ற புலம்பல் எண்களாக மாறியதும் நகராட்சி அசைந்தது. படிக்கட்டில் உட்கார முடியாதபடி பெரிய செடித்தொட்டிகளை வைத்தார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படிக்கட்டு இளைஞர்களும் குடிமக்கள்தானே? காசு கொடுக்காமல் உட்கார அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். எத்தனை டெசிபல் என்று கருவி சொல்லும். யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி என் கதை. நான் சமூக அறிவியல் எடுத்த எட்டாம் வகுப்பில் ஒருமுறை யோசனைப் பெட்டி வைத்தேன். பழைய பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டது. மக்களாட்சிப் பாடத்துக்குச் செயல்முறை விளக்கம்! முதல் வாரம் இருபது சீட்டுக்கு மேல் வந்தது. படித்துச் சந்தோஷப்பட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். யாருக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான்கு சீட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. “இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை” என்று ஆசிரியர் அறையில் சொன்னேன்.

அந்த இருபதில் ஒரு சீட்டு: “டீச்சர், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.” பெயர் இல்லை. கையெழுத்தைப் பார்த்தே யாரென்று எனக்குத் தெரியும். தலைமை ஆசிரியரிடம் அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒருநாள் பார்க்கிறேன், ஒரு பெண் உள்ளே போக, இன்னொரு பெண் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் விலை அன்று பத்து ரூபாய் இருக்குமா?

விளக்கு எரியாமலே “தீர்ந்தது” என்று செய்தி வந்தபோது என் இழுப்பறைதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சீட்டை எழுதியவள் இதைப் படிக்கிறாள் என்றே நினைக்கிறேன். அம்மா, மன்னித்துவிடு. நீ சரியாகத்தான் எழுதினாய். நான்தான் பதில் சொல்லவில்லை.

மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செயலி உங்கள் கையில் வந்தால், புகார் கொடுத்தவர் “ஆமாம், சரியாகிவிட்டது” என்று சொல்லாமல் புகாரை மூட முடியாதபடி செய்யுங்கள். அரசு அலுவலகங்களில் இருப்பவர்களே, முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். மக்கள் தாங்கிக்கொள்வார்கள்.

நாளைக் காலை பக்கத்து வீட்டுக்காரர்களோடு வார்டு அலுவலகத்துக்கு நேரில் போகிறேன். என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். உங்கள் ஊர் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இந்த முறை ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன், தாமதமானாலும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்