ஒட்டிக்கிட்ட ஒரு எழுத்து

ராத்திரி மும்முனை கரண்டு வர்ற வரைக்கும் தூங்க முடியாது. அந்த நேரத்துல நான் படிக்கிறது பெரும்பாலும் வரலாறு. இப்போ சில வாரமா ஐல் ஆஃப் மேன். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கிற சின்னத் தீவு, மொத்தமே பதினேழு பழைய பங்குகள் (தேவாலயத்தை வைத்துப் பிரித்த ஊர்ப்பகுதிகள்). சொந்த மொழி மாங்க்ஸ்.

அந்த ஊர்க் குடும்பப் பெயர்களைப் பாருங்க: குவேல், குவில்லியம், கில்லிப், கார்க்கில், கௌலி. எதை எடுத்தாலும் 'க'வில்தான் தொடங்குது. காரணம் 'மாக்'. மகன் என்று அர்த்தம். பேச்சுவழக்கில் 'மா' தேய்ந்துபோக, கடைசி 'க்' மட்டும் அப்பா பெயரோட ஒட்டிக்கிட்டது. மாக் வில்லியம் குவில்லியம் ஆனார், மாக் பிலிப் கில்லிப் ஆனார். குவேல் என்றால் பவுலின் மகன். கார்க்கில் இன்னும் சுவாரசியம். தோர்கெட்டில் என்ற வைக்கிங் பெயர் அதுக்குள்ள இருக்கு. 1266 வரைக்கும் நார்வேக்காரங்க ஆதிக்கம். ஆண்டவங்க போயிட்டாங்க, பெயர் உள்ளூர் 'க்'கோட தங்கிடுச்சு.

நிலத்திலும் இதே கதை. 'பல்லா' என்றால் பண்ணை, வீடு. பல்லாகுவேல் என்ற இடப்பெயரே குவேல் குடும்பத்துப் பண்ணை என்று சொல்லிடும். கல்லறைக் கல்லிலோ, கல்யாணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் 'ஏலியஸ்' போட்டு வெட்டியிருக்காங்க. வம்சம் தேடுறவங்களுக்கு வரம் இது.

பள்ளிக்கூடம்தான் என்னைக் கொஞ்சம் உறுத்துது. 1660-களில் ஐசக் பாரோ என்ற பிஷப், விவசாயிகள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகக் கட்டின வரியின் ஒரு பகுதியை வாங்கி, போதகர்களுக்கும் பங்குப் பள்ளிகளுக்கும் ஒதுக்கினார். 1704-ல் சட்டமே வந்தது. பிள்ளை ஆங்கிலம் தெளிவாக வாசிக்கிற வரைக்கும் பள்ளிக்கு அனுப்பணும். இல்லாட்டி காலாண்டுக்கு ஒரு ஷில்லிங் அபராதம், அதுவும் வாத்தியாருக்கு. இங்கிலாந்திலேயே கட்டாயக் கல்வி 1880-ல்தான் வந்தது என்பதை நினைச்சா, பெரிய விஷயம்தான். ஆனா வீட்டில் பேசின மொழிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. விளைச்சலைக் கொடுத்தவன் மொழி வகுப்புக்கு வெளியே நின்னுச்சு. பள்ளி மட்டும் காரணமில்லை. வணிகமும் வெளியூர்ப் பிழைப்பும் சேர்ந்துதான் மொழியை அரிச்சது. தாய்மொழியாகப் பேசின கடைசி மனிதர் நெட் மேட்ரெல், மீனவர், 1974-ல் இறந்துபோனார்.

அப்புறம் 2001-ல் முழுக்க மாங்க்ஸிலேயே நடக்கிற ஆரம்பப் பள்ளி ஒண்ணு தொடங்கினாங்க. சீக்கிரமே அது செயின்ட் ஜான்ஸ் கிராமத்துப் பழைய பள்ளிக் கட்டடத்துக்குக் குடிபோனது. 2009-ல் யுனெஸ்கோ மாங்க்ஸை அழிந்த மொழி என்று பட்டியலில் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைங்க யுனெஸ்கோவுக்குக் கடிதம் போட்டாங்க, மாங்க்ஸில். பட்டியலை மாத்த வேண்டியதாச்சு.