இண்டியன் வெல்ஸ் ஓப்பன்

இண்டியன் வெல்ஸ் ஓப்பன் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடைபெறும் தொழில்முறை டென்னிஸ் போட்டி. ஆண்களும் பெண்களும் ஒரே வளாகத்தில், ஒரே நாட்களில், கடினத் தரையில் ஆடுகிறார்கள். ஆண்கள் பிரிவு ஏ.டி.பி. மாஸ்டர்ஸ் 1000 தகுதியும், பெண்கள் பிரிவு டபிள்யூ.டி.ஏ. 1000 தகுதியும் பெற்றவை. பட்டம் வெல்பவருக்குத் தரவரிசைக்கான 1000 புள்ளிகள் கிடைக்கும். பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி புரவலராக இருப்பதால், 2009 முதல் போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயர் பி.என்.பி. பாரிபா ஓப்பன். ரசிகர்களும் வீரர்களும் ஊர்ப் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள்.

அந்த ஊர் மிகச் சிறியது. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், கோச்செல்லா பள்ளத்தாக்கில், பாலைவனத்துக்கு நடுவே இருக்கிறது. நிலையாகக் குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். போட்டியின் முதன்மை அரங்கிலோ 16,100 பேர் உட்காரலாம். ஊரே திரண்டு வந்தாலும் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகூட நிரம்பாது. டென்னிஸுக்கென்றே கட்டப்பட்ட அரங்குகளில் நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்குக்கு அடுத்தபடியாக உலகில் இதுவே பெரியது. குளிர்காலத்தில் கதகதப்பைத் தேடி வரும் வசதி படைத்தவர்கள், கோல்ஃப் மைதானங்கள், சொகுசு விடுதிகள் ஆகியவற்றை நம்பி வாழும் பள்ளத்தாக்கு இது. போட்டி இங்கே வேரூன்றியதற்கும் அதுவே காரணம்.

தோற்றமும் இடமாற்றங்களும்

போட்டி தொடங்கியது கலிபோர்னியாவில் அல்ல. 1974-இல் பக்கத்து மாநிலமான அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு விமான நிறுவனத்தின் ஆதரவோடு ஆண்களுக்கு மட்டும் நடத்தப்பட்டது. முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் ஜான் நியூகோம்ப் வென்றார். 1976-இல் பாம் ஸ்பிரிங்ஸ் பகுதிக்கு வந்தது. அதன்பின் பள்ளத்தாக்குக்குள்ளேயே விடுதி விட்டு விடுதி மாறிக்கொண்டிருந்தது. 1980-இல் மழை விடாததால் போட்டியை முடிக்க முடியாமல் பாதியில் கைவிட்டார்கள். பாலைவனம் என்று நம்பி வந்தவர்களுக்கு இது எதிர்பாராத அடி.

போட்டிக்கு உருவம் கொடுத்தவர்கள் இருவர். புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த சார்லி பசரெல் ஒருவர், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ரேமண்ட் மூர் மற்றவர். இருவருமே முன்னாள் ஆட்டக்காரர்கள். பசரெலின் பெயர் டென்னிஸ் வரலாற்றில் ஒரு தோல்விக்காகவும் நிலைத்திருக்கிறது. 1969 விம்பிள்டனின் முதல் சுற்றில், 41 வயது பாஞ்சோ கொன்சாலஸிடம் 112 கேம்கள் நீண்ட ஆட்டத்தில், ஏழு மேட்ச் பாயிண்டுகளைத் தவறவிட்டுத் தோற்றவர் அவர். 1980-களின் தொடக்கத்தில் பாலைவனப் போட்டியின் பொறுப்பை ஏற்றார். 1987-இல் போட்டி இண்டியன் வெல்ஸின் ஒரு விடுதி வளாகத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஜெர்மனியின் போரிஸ் பெக்கர் சாம்பியன். 1989-இல் பெண்கள் போட்டி தனியாகத் தொடங்கியது. அதன் முதல் பட்டம் பல்கேரியாவின் மனுவேலா மலேயெவாவுக்கு. இரண்டையும் இணைத்து நடத்தும் வழக்கம் 1996-இல் வந்தது.

2000-இல் இண்டியன் வெல்ஸ் டென்னிஸ் கார்டன் என்ற தனி வளாகம் எழுந்தது. கட்டியது ஒன்று, கடனைக் கட்டியது வேறு கதை. அடுத்த பத்தாண்டு முழுவதும் நிதி நெருக்கடி துரத்தியது. போட்டியை நடத்தும் உரிமையை ஆசிய நகரம் ஏதாவது ஒன்று வாங்கிச் சென்றுவிடும் என்ற பேச்சு வலுத்தபோது பீட் சாம்ப்ரஸ், கிறிஸ் எவர்ட், பில்லி ஜீன் கிங் போன்றோர் பணம் போட்டுத் தாங்கிப் பிடித்தனர். 2009-இல் ஆரக்கிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லேரி எலிசன் வளாகத்தையும் போட்டியையும் சேர்த்தே வாங்கினார். விலை சுமார் 10 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது.

எலிசன் வந்தபின் பணம் தடையாக இருக்கவில்லை. 8,000 இருக்கைகள் கொண்ட இரண்டாவது அரங்கு 2014-இல் திறக்கப்பட்டது. அதில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஜப்பானிய உணவு சாப்பிட நோபு உணவகமும் உண்டு. 2013-ஆம் ஆண்டுப் போட்டிக்கான பரிசுத்தொகையைக் கணிசமாக உயர்த்த அவர் முன்வந்தபோது, அதைச் சுற்றுகளுக்கிடையே பிரிக்கும் முறை சரியில்லை என்று ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி.யின் நிர்வாகக் குழு முதலில் மறுத்தது, பிறகு இசைந்தது. கொடுப்பவர் கொடுக்க, வாங்குபவர் யோசித்த அதிசயம் தொழில்முறை விளையாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. பார்வையாளர் எண்ணிக்கை 2025-இல் முதன்முறையாக 5 லட்சத்தைத் தாண்டியது.

ஆட்ட முறை

ஒற்றையர் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 96 பேர். முன்னணியில் வரிசைப்படுத்தப்பட்ட 32 பேர் முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை; எனவே அவர்களுக்குப் பட்டம் ஆறு வெற்றிகளில் கிட்டும், மற்றவர்களுக்கு ஏழு. முதன்மைச் சுற்றுகள் 12 நாட்கள் நடக்கின்றன. ஆண்களுக்கும் மூன்று செட் ஆட்டமே. ஒரு நாள் ஆட்டம், மறுநாள் ஓய்வு என்று பெரும்பாலும் அமைவதால் வீரர்கள் இங்கே வர விரும்புகிறார்கள். ஒற்றையர் நட்சத்திரங்கள் இரட்டையர் ஆட்டங்களிலும் தலைகாட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

'ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம்' என்று இதைப் புகழ்வோர் உண்டு. வசதிகளிலும் கூட்டத்திலும் அந்தப் புகழ்ச்சி பொருந்தும். ஐந்து செட் ஆட்டம் தரும் சோதனையும், 128 பேர் கொண்ட அட்டவணையும், 2000 புள்ளிகளும் இல்லாத வரையில் அது விளம்பர வாசகமே.

தரையைப் பற்றிய சண்டை தனிக் கதை. கடினத் தரை என்றால் பந்து வேகமாக வரும் என்பது பொது எண்ணம். மேற்பூச்சில் கலக்கும் மணல் கூடும்போது தரை சொரசொரப்பாகி, பந்தைப் பற்றி இழுத்து, வேகத்தைக் குறைத்து உயரமாக எழுப்பும். இண்டியன் வெல்ஸ் தரை அந்த வகை. காற்றோ உலர்ந்தது, பகல் வெயிலில் பந்து பறக்கும், இரவில் குளிர் இறங்கியதும் அதே பந்து கனத்துப்போகும். ஒரே ஆடுகளத்தில் மதியம் ஒரு டென்னிஸ், இரவு ஒரு டென்னிஸ். 2023-இல் ரஷ்யாவின் டேனீல் மெத்வெதேவ், இது கடினத் தரையே அல்ல என்று ஆட்டத்தின் நடுவிலேயே பொரிந்து தள்ளினார். குறை சொல்லிக்கொண்டே இறுதி ஆட்டம் வரை வந்து, அங்கே ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்றார். மறு ஆண்டும் இறுதியில் அதே இருவர், அதே முடிவு. 2025-இல் பழைய பிளெக்ஸிபேவ் பூச்சை விட்டு, மயாமி, நியூயார்க் போட்டிகளில் பயன்படும் லேகோல்டுக்கு மாறினார்கள்.

வில்லியம்ஸ் சகோதரிகள்

இந்தப் போட்டியின் வரலாற்றில் எதைத் தவிர்த்தாலும் 2001-ஐத் தவிர்க்க முடியாது. அரையிறுதியில் அமெரிக்காவின் கறுப்பின வீராங்கனைகளான வீனஸ் வில்லியம்ஸும் தங்கை செரினாவும் மோதவிருந்தார்கள். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கையில், முழங்கால் வலி காரணமாக வீனஸ் விலகியதாக அறிவிப்பு வந்தது. யார் வெல்வது என்பதைத் தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ் வீட்டிலேயே தீர்மானிக்கிறார் என்ற வதந்தி ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்துக்கு 19 வயது செரினா களமிறங்கியபோது அரங்கம் கூச்சலிட்டது. பார்வையாளர் பகுதிக்கு வந்த தந்தையையும் வீனஸையும் நோக்கியும் அதே கூச்சல். செரினா தவறு செய்தபோதெல்லாம் கைதட்டல். முதல் செட்டை பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸிடம் இழந்தவர், 4-6, 6-4, 6-2 என்று வென்றார். தம் மீது இனவெறிச் சொற்கள் வீசப்பட்டதாக ரிச்சர்ட் பின்னர் கூறினார்.

அதன்பின் சகோதரிகள் இருவரும் இண்டியன் வெல்ஸுக்கு வரவில்லை. முன்னணி வீராங்கனைகள் கட்டாயம் ஆட வேண்டிய போட்டியாக இது ஆன பின்பும் வரவில்லை. 2015-இல் செரினா 14 ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்கலங்கினார். அந்த ஆண்டு அரையிறுதிக்கு முன் முழங்கால் காயத்தால் விலகியவர் செரினாவேதான். இம்முறை யாரும் கூச்சலிடவில்லை. 2016-இல் வீனஸும் வந்தார். 2018-இல் தாய்மைக்குப் பின் ஆட வந்த செரினாவை மூன்றாவது சுற்றில் அக்காளே வென்றார். 2022-இல் ஒரு பார்வையாளரின் கூச்சலால் கலங்கிய ஜப்பானின் நவோமி ஒசாகா, 2001-இன் காணொளி தம் மனத்தில் ஓடியதாக ஆட்டத்துக்குப் பின் சொன்னார். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த நாள் இந்த அரங்கைவிட்டு அகலவில்லை.

2016-இல் இன்னொரு சர்ச்சை. போட்டியைக் கட்டியெழுப்பிய இருவரில் ஒருவரான ரேமண்ட் மூரே அதற்குக் காரணம். பெண்கள் டென்னிஸ் ஆண்களின் புகழில் தொற்றிக்கொண்டு வாழ்கிறது, ஃபெடரரும் நடாலும் பிறந்ததற்கு வீராங்கனைகள் நன்றி சொல்ல வேண்டும் என்ற பொருளில், பெண்கள் இறுதி ஆட்டம் நடக்கவிருந்த அன்று காலையிலேயே பேசினார். எதிர்ப்பு கிளம்பியது, மறுநாளே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இரு பிரிவையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவதையே பெருமையாகச் சொல்லும் போட்டிக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. பின்னர் ஜெர்மனியின் டாமி ஹாஸ் போட்டி இயக்குநராக வந்தார்.

சாம்பியன்கள்

ஆண்கள் ஒற்றையரில் ஸ்விட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர், செர்பியாவின் நோவாக் ஜோகோவிச் இருவரும் ஐந்து முறை வென்றிருக்கிறார்கள். ரஃபேல் நடாலுக்கு மூன்று பட்டங்கள். 2018 இறுதியில் ஃபெடரர் மூன்று மேட்ச் பாயிண்டுகளைக் கோட்டைவிட்டு, அர்ஜென்டினாவின் டெல் போட்ரோவிடம் தோற்றார். பெண்களில் நவ்ரத்திலோவா, ஸ்டெஃபி கிராஃப், செரினா, ஷரபோவா, அசரென்கா, ஷ்வியான்டெக் என்று இரண்டு முறை வென்றவர்களின் வரிசை நீளம். 2019-இல் கனடாவின் 18 வயது பியான்கா ஆண்ட்ரெஸ்கு, வைல்டு கார்டு சலுகையில் நுழைந்து பட்டத்தோடு திரும்பினார். 2025-இல் பிரிட்டனின் ஜாக் டிரேப்பரும் 17 வயது மிர்ரா ஆண்ட்ரேயெவாவும் வென்றனர்.

இங்கே வென்ற கையோடு அடுத்து நடக்கும் மயாமி ஓப்பனையும் ஒருவர் வென்றால் அதை 'சன்ஷைன் டபுள்' என்பார்கள். ஜோகோவிச் அதை நான்கு முறை செய்திருக்கிறார்.

இந்தியர்களின் கணக்கு பெரும்பாலும் இரட்டையரில். லியாண்டர் பயஸ் 2007-இல் செக் நாட்டின் மார்ட்டின் டாமுடன் வென்றார். 2015-இல் சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் ஜோடியாக ஆடிய முதல் போட்டி இதுவே, பட்டத்தையும் கைப்பற்றினார்கள். 2023-இல் ரோஹன் போபண்ணா, ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் வென்று, 43 வயதில், அதுவரை மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்றவர்களில் மிக மூத்த வீரரானார். ஒற்றையரில் நினைவில் வைக்க வேண்டிய பெயர் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். 2019-இல் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வந்து, பிரான்சின் பெனுவா பேரையும், 17-ஆம் இடத்தில் வரிசைப்படுத்தப்பட்டிருந்த பசிலாஷ்விலியையும் வீழ்த்தி மூன்றாவது சுற்று வரை சென்றார். அங்கே அவரை நிறுத்தியது நெடிய உருவமும் அதைவிட நெடிய சர்வும் கொண்ட குரோஷியாவின் இவோ கார்லோவிச். அந்த வாரம் நம் ஊர்ப் பத்திரிகைகள் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

இடையூறுகள்

2020 மார்ச் 8 அன்று, வீரர்கள் வந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நிலையில், கொரோனா காரணமாகப் போட்டி நிறுத்தப்பட்டது. அந்த நோயால் அமெரிக்காவில் கைவிடப்பட்ட முதல் பெரிய விளையாட்டு நிகழ்வு இது. 2021-இல் மார்ச்சுக்குப் பதிலாக அக்டோபரில் நடந்தது. பிரிட்டனின் கேமரன் நோரியும் ஸ்பெயினின் பவுலா படோசாவும் வென்றனர். 2024-இல் அல்கராஸ், ஸ்வெரேவ் மோதிய காலிறுதியின் தொடக்கத்தில் தேனீக் கூட்டம் அரங்குக்குள் புகுந்தது. வீரர்கள் ஓடி ஒதுங்க, தேனீ பிடிப்பவர் ஒருவர் வந்து உறிஞ்சி எடுக்கும் வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆட்டம் நின்றது.

இந்தியாவிலிருந்து பார்க்க விரும்புவோர் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு கலிபோர்னியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி நேர இடைவெளி, அதன்பின் பன்னிரண்டரை. பகல் 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டங்களைப் பார்க்க, திங்கள் விடியும் வரை விழித்திருக்க வேண்டும்.