பிறந்தநாளில் இருக்கும் விண்மீன்

திருத்தணி மலையில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பது பேரும் நட்சத்திரமும்தான். தேதியை யாரும் கேட்பதில்லை. கீழே அரக்கோணத்தில் அடையாள அட்டைக்கு மனுப் போட்டால் தேதி மட்டுமே வேண்டும். நட்சத்திரம் எழுதக் கட்டமே கிடையாது. ஒரே ஆளுக்கு இப்படி இரண்டு பிறப்புக் கணக்கு. இரண்டையுமே நாம் ‘பிறந்தநாள்’ என்கிறோம். அந்தச் சொல் முதலில் இரண்டில் எதற்கு உரியது என்று கேட்டால், மலைமேல் கேட்கும் கணக்குக்கே என்பேன்.

காரணம் ‘நாள்’ என்ற சொல். பழந்தமிழில் நாள் என்றால் பொழுது மட்டுமல்ல, விண்மீனும்தான். அசுவினி முதல் ரேவதி வரையுள்ள 27ம் நாள்மீன்கள். செவ்வாய், வெள்ளி போன்றவை கோள்மீன்கள். போருக்குக் கிளம்பக் குறித்த வேளையில் அரசனால் புறப்பட முடியாவிட்டால் அவனுடைய குடையையோ வாளையோ முன்னதாக அனுப்பிவைப்பார்கள். அந்தத் துறைக்குக் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்று பெயர். அங்கே கொள்ளப்படும் ‘நாள்’ நல்ல நட்சத்திரம். ‘நாள் நல்லா இருக்கா?’ என்று பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் நாம் கேட்பதிலும் அந்தப் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தொல்காப்பியப் புறத்திணையியல் அரசன் பிறந்தநாளைப் பாடுவதைப் பெருமங்கலம் என்கிறது. அன்று அவன் சினத்தை நீக்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையில் இதுவே நாண்மங்கலம். அன்று வெள்ளை உடுத்துவதால் வெள்ளணி என்றும் பெயர். சினம் நீக்குவது என்றால் என்ன என்பதற்கு உரைகாரர் நச்சினார்க்கினியர் முதலில் சொல்வது சிறைவிடுதல். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15ஐ ஒட்டித் தமிழக அரசு கைதிகளை முன்கூட்டி விடுவிக்கிறதே, அதற்கு இலக்கணம் பல நூற்றாண்டுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. வெள்ளுடை வழக்கமும் கட்சி மேடைகளில் குறைவில்லாமல் நடக்கிறது.

பிறந்தநாள் என்பது விண்மீனாக இருந்தால் அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வர வேண்டும் என்றில்லை. நிலா வானத்தைச் சுற்றிப் பழைய மீனிடம் வந்துசேர 27 நாள் சொச்சம் போதும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஆண்டுக்குப் பன்னிரண்டு சதயத் திருவிழா என்று கணக்கெழுதுகிறது. சதயம், முதலாம் இராசராசன் பிறந்த மீன். ஐப்பசிச் சதயத்தை மட்டும் விழாவாக எடுக்கும் நமக்கு இது விந்தையாகப் படும். கிருத்திகைதோறும் திருத்தணி ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குப் படாது. இத்தனைக்கும் கார்த்திகை முருகன் பிறந்த மீன்கூட இல்லை. பிறந்தது வைகாசி விசாகம் என்பதுதான் மரபு. பெற்ற நாளைவிட வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவருடைய மீனுக்குத்தான் அங்கே ஆடியில் காவடிகள் குவிகின்றன.

சோழர்களைச் சொன்னதால் ஒன்று. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949ல் நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தான் சோழ இளவரசன் இராசாதித்தன். கல்வெட்டுகளில் அவன் ‘ஆனைமேல் துஞ்சின’ தேவன். இராசராசனின் தகப்பன் சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின’ தேவன். பிறப்புக்கு வானத்தில் ஓர் அடையாளம், இறப்புக்கு மண்ணில் ஓர் இடம். இரண்டுக்கும் தேதி தேவைப்படவில்லை.

‘ஜயந்தி’யின் கதையும் இப்படித்தான். தேய்பிறை அட்டமியோடு ரோகிணி கூடும் அந்த இரவின் பெயர் அது. கண்ணன் பிறந்ததால் அவனுக்குரியதானது. பிறகு நட்சத்திரம் உதிர்ந்து பிறப்பு மட்டும் மிஞ்சியது. இன்று அக்டோபர் 2 எந்த மீனில் வந்தாலும் காந்தி ஜயந்திதான். வைணவர்கள் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார்கள். சோளிங்கர் பக்கம் ஒரு பெரியவரிடம் வயதைக் கேட்பதென்றால், ‘சுவாமிக்கு எத்தனை திருநட்சத்திரம் ஆகிறது?’ என்பதுதான் மரியாதை.

எல்லை தாண்டினால் தெலுங்கில் ‘புட்டினரோஜு’. புட்டு என்றால் பிறத்தல்; ரோஜு பாரசீகத்திலிருந்து வந்த நாள். கன்னடத்தில் அதே புட்டு ‘ஹுட்டு’ ஆகிறது, நம் பால் அங்கே ஹாலு ஆவதுபோல. ஹுட்டுஹப்ப என்றால் பிறப்புத் திருவிழா. மலையாளியின் பிறந்நாள் இன்றும் பெரும்பாலும் நட்சத்திரத்தையே பார்க்கிறது. உருதுவின் ‘சால்கிரா’வுக்கு வருட முடிச்சு என்று பொருள், ஆண்டுக்கொரு முடிச்சாக நூலில் போட்டு வயதைக் காத்தார்கள். மராத்திக்காரருக்கு அது வளரும் நாள், ‘வாட்திவஸ்’. ஸ்பானியரின் ‘கும்ப்ளேயான்யோஸ்’ ஆண்டுகள் நிறைவதைச் சொல்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாளை ‘ஆண்டு நிறைவு’ என்கிற பாட்டிமாருக்கு அது உடனே புரியும். ‘ஹேப்பி பர்த்டே’ என்ற ஆங்கிலப் பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் பள்ளிப் பிள்ளைகளின் காலை வணக்கத்துக்காக 1893ல் வெளியிட்ட மெட்டு அது. பிற்பாடு கேக்கோடு ஒட்டிக்கொண்டது.

நம் சொல்லுக்குள் தேதியைக் கொண்டுவந்தவர், என் கணிப்பில், பள்ளிக்கூடத்து எழுத்தர். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி வேண்டும். வீட்டில் இருந்ததோ மாதமும் மீனும். இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற பிறந்தநாளே இதற்குச் சாட்சி. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு ஏட்டுத் தேதி 5 செப்டம்பர் 1888. அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அது ஆசிரியர் தினம். ஆனால் தான் பிறந்தது 20 செப்டம்பர் 1887 என்றே அவர் நம்பினார் என்று, வரலாற்றறிஞரான மகன் கோபால் தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் தினமே ஒரு பதிவேட்டுப் பிறந்தநாளாக இருக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அரக்கோணம் ரயில்வே ஊர். இரண்டு கணக்கும் நேருக்கு நேர் மோதுவது இங்கே அறுபது வயதில். பணி ஓய்வு, ஏட்டுப்படி அறுபது முடியும் மாதத்தின் கடைசி நாள். ஒன்றாம் தேதி பிறந்தவர் என்று எழுதியிருந்தால் முந்தின மாதக் கடைசியிலேயே. மணிவிழாவோ, அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயர் திரும்பிவரும்போது, தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும் பார்த்துத் திருக்கடையூரில். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம்கூட விழும். லோகோ ஷெட்டில் மாலை போட்டு அனுப்பியவர்களே அடுத்த ஆண்டு மணிவிழாப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, ‘அப்போ போன வருஷம் உங்களுக்கு என்னா வயசு?’ என்று கேட்பார்கள்.