மின்தேக்கிக் கசிவு (இருவழி வானொலி)

இருவழி வானொலிகளில் மின்தேக்கிக் கசிவு என்பது, அக்கருவிகளில் உள்ள அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகளில் (கெப்பாசிட்டர்) அடைக்கப்பட்ட நீர்மம் வெளியேறி, அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடங்களையும் பற்றாசையும் (ஈயப் பற்றவைப்பு) அரிக்கும் பழுது ஆகும். 1980களின் பிற்பகுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட, பலகையின் மேற்பரப்பில் பொருத்தப்படும் சிறு உருளை வடிவ மின்தேக்கிகளிலேயே இது மிகுதியாகக் காணப்படுகிறது. வாகனங்களில் பொருத்தப்படும் மோட்டோரோலா ஸ்பெக்ட்ரா வரிசை வானொலிகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதே காலத்தைச் சேர்ந்த சேகா கேம் கியர் விளையாட்டுக் கருவி, கொமடோர் அமிகா 600, 1200 கணினிகள், ஆப்பிளின் மாக்கின்டோசு எஸ்இ/30 கணினி ஆகியவற்றிலும் இதே பழுது உண்டு.

1999 முதல் 2007 வரை கணினித் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் வீங்கி வெடித்த சிக்கலுடன் இதைக் குழப்பிக் கொள்ளலாகாது. அங்கே மின்தேக்கியின் தலை வீங்கும்; ஆகவே கண்டுபிடிப்பது எளிது. இங்கே தலை சமமாகவே இருக்கும், கசிவோ அடிப்பகுதியில் மறைவாக நிகழும். மேலிருந்து பார்ப்பவர் பலகை நன்றாக இருப்பதாகவே எண்ணுவார்.

கசிவின் வேதியியல்

மின்பகுளி மின்தேக்கியினுள் இரண்டு அலுமினியத் தாள்களும், அவற்றுக்கிடையே நீர்மத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடிப்பகுதி இரப்பர் அடைப்பால் மூடப்பட்டு, அதன் வழியே இரு முனைக் கம்பிகள் வெளிவரும். மேற்கூறிய காலத்தில், மின்தடையைக் குறைப்பதற்காக நான்கிணைய அம்மோனிய உப்புகளைக் கொண்ட நீர்மம் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. மின்னழுத்தம் தொடர்ந்து இருக்கும்போது எதிர்முனைக் கம்பியைச் சுற்றி ஐதராக்சைடு உருவாகிறது. இந்த வலுவான காரம் இரப்பர் அடைப்பைச் சிதைத்து வழி உண்டாக்குகிறது. எனவே கசிவு பெரும்பாலும் எதிர்முனைப் பக்கத்திலேயே தொடங்கும்.

வாகன வானொலிகள் சிலவற்றில், கருவியை நிறுத்திய பின்னரும் சில சுற்றுகள் மின்கலத்துடன் இணைந்தே இருக்கும். அத்தகைய இடங்களிலுள்ள மின்தேக்கிகள் இரவும் பகலும் மின்னழுத்தத்தில் உள்ளன. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த கருவி பாதுகாப்பானது என்பதும் தவறு. அதிலும் கசிவு ஏற்படும்.

வெளியேறிய நீர்மம் மின்சாரத்தைக் கடத்தும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் எளிதில் உலராது. பச்சைப் பூச்சின் அடியில் ஊர்ந்து சென்று செம்பை அரிக்கும். பலகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் நுண்துளைகளின் உட்சுவரில் செம்பு மிக மெல்லியதாக இருப்பதால், அவை பெரும்பாலும் முதலில் அறுந்துபோகும்.

அறிகுறிகள்

பழுது படிப்படியாக வளர்வதே இதன் ஆபத்து. ஒலி மெல்ல மெல்லக் குறையும்போது, பயன்படுத்துபவர் ஒலிபெருக்கியையோ அலைவாங்கியையோ குறை கூறிக் காலம் கடத்துவார். தீயணைப்பு, காவல் போன்ற பணிகளில் இருந்த கருவியானால், தேவைப்படும் நேரத்தில் அது பேசாமல் போகக்கூடும். வாகன மின்னாக்கியின் சீழ்க்கை போன்ற இரைச்சல் ஒலியில் கலப்பது, வடிகட்டும் மின்தேக்கி தன் கொள்ளளவை இழந்ததைக் காட்டலாம்.

அதிர்வெண்ணை உருவாக்கும் பகுதியில் நிகழும் கசிவு இன்னும் நுட்பமானது. அங்கே அலையியற்றியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம் உயர் மின்தடையுள்ள சுற்றில் நிற்கிறது. தடங்களுக்கிடையே நீர்மம் ஏற்படுத்தும் சிறு கசிவு மின்னோட்டமே அதை நிலைகுலையச் செய்யப் போதும். காலையில் குளிரில் வேலை செய்யாத கருவி, சூடேறியதும் சரியாவது இவ்வகையில் அடிக்கடி காணப்படும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்: பளபளப்பிழந்து சாம்பல் நிறமான பற்றாசு, கருத்த பூச்சு, பச்சை நிறப் படிவு. சூட்டுக்கோலை வைத்ததும் எழும் அழுகிய மீன் நாற்றம் ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம். வெப்பத்தில் அம்மோனிய உப்பு சிதைந்து அமீன்கள் வெளிவருவதே இதற்குக் காரணம். அறையில் காற்றோட்டமும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அவசியம்.

பழுதுநீக்கம்

முதலில் பலகையை இருபுறமும் ஒளிப்படம் எடுத்து, ஒவ்வொரு மின்தேக்கியின் அளவையும் முனைத் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அரிக்கப்பட்ட பலகையில் அச்சிட்ட குறிகள் கழுவும்போது அழிந்துவிடுவது உண்டு.

கழற்றுவதில்தான் மிகுதியான சேதம் நேர்கிறது. வெப்பக் காற்றால் கழற்றினால் உள்ளிருக்கும் நீர்மம் கொதித்து மின்தேக்கி வெடிக்கலாம். இடுக்கியால் பிடித்துத் திருகி எடுக்கும் முறையைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் காரம் பட்டுப் பிடிப்பு தளர்ந்த இணைப்புத்திட்டுகள் அத்துடன் பெயர்ந்து வரக்கூடும் என்பதால், மிகவும் அரிக்கப்பட்ட பலகைக்கு அது ஏற்றதன்று. உருளையின் மேற்பகுதியை வெட்டி நீக்கி, பிளாஸ்டிக் அடித்தட்டை உடைத்தெடுத்து, எஞ்சிய இரு கம்பிகளையும் தனித்தனியே சூடாக்கி எடுப்பது மெதுவான வழி என்றாலும் பாதுகாப்பானது. இரண்டு சூட்டுக்கோல்களை இருமுனைகளிலும் ஒரே நேரத்தில் வைத்தும் எடுக்கலாம். அரித்த பற்றாசு எளிதில் உருகாது. புதிய பற்றாசையும் பிளக்சையும் சேர்த்தால் உருகும். வெப்பத்தைக் கூட்டுவது திட்டுகளைப் பெயர்க்கும்.

கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் மட்டும் போதும் எனப் பலர் கருதுகின்றனர். இவ்வுப்புகள் நீரில் நன்கு கரைபவை. எனவே வாலைவடிநீரும் மென்மையான தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, பின்னர் நீரை அகற்ற ஆல்ககால் பயன்படுத்துவதே சிறந்தது. காரத்தை நடுநிலையாக்க வினிகர் இடுவோரும் உளர். அவ்வாறு இட்டால், உருவாகும் உப்பும் எஞ்சும் அமிலமும் முற்றிலும் நீங்கும்வரை நீரால் அலச வேண்டும். மீயொலித் தொட்டியில் இடுவது குவார்ட்சுப் படிகங்களைப் பழுதாக்கக்கூடும். கழுவிய பலகையை 50 முதல் 60 பாகை செல்சியசில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும்.

பின்னர் ஒவ்வொரு தடத்தையும் நுண்துளையையும் பன்னளவியால் (மல்டிமீட்டர்) சோதிக்க வேண்டும். அறுந்த தடத்தின் இரு ஓரங்களிலும் பூச்சைச் சுரண்டிச் செம்பை வெளிப்படுத்தி, ஏறத்தாழ 0.25 மிமீ விட்டமுள்ள கம்பியால் இணைக்கலாம். இங்கு வானொலிக்கே உரிய ஒரு கட்டுப்பாடு உள்ளது. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குத் தோராயமாக 1 நானோஎன்றி மின்தூண்டல் உண்டு. எனவே 10 மிமீ கம்பி 450 மெகாஏர்ட்சில் ஏறக்குறைய 28 ஓம் எதிர்ப்பைக் காட்டும். 800 மெகாஏர்ட்சில் அது 50 ஓம் ஆகும். ஒலிப் பகுதியில் கம்பி சற்றுச் சுற்றிச் சென்றாலும் பெரும்பாலும் கேடில்லை. உயர் அதிர்வெண் பகுதியில் பழைய தடத்தின் மீதே, அதே அகலமுள்ள செப்புத் தகட்டை ஒட்ட வேண்டும்.

மாற்று மின்தேக்கிகள்

தந்தாலம் மின்தேக்கி கசியாது என்பதால் பலரும் அதை நாடுகின்றனர். அலுமினிய வகையில் மேலுள்ள கருப்புப் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். தந்தாலச் சில்லில் பட்டை நேர்முனையைக் குறிக்கும். பட்டையைப் பட்டைக்கு நேராக வைத்துப் பொருத்தினால் முனை தலைகீழாகி, மின்தேக்கி தீப்பற்றலாம். சரியாகப் பொருத்தினாலும், குறிக்கப்பட்ட மின்னழுத்தத்தின் பாதிக்கு மேல் அதைப் பயன்படுத்தாதிருப்பது வழக்கம். 13.8 வோல்ட்டு வாகன மின்தொடரில் நேரடியாக வரும் இடங்களில் தவிர்ப்பது நன்று.

பீங்கான் மின்தேக்கிகள் நேர்மின்னழுத்தம் கூடும்போது கொள்ளளவை இழப்பவை. அத்துடன் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. அலையியற்றியின் வடிகட்டியில் அவற்றை வைத்தால் சாலைக் குலுக்கல் ஒலியில் கேட்கும். பலபடி வகையின் மிகக் குறைந்த உள்தடை, சில மின்னழுத்த நிலைநிறுத்திகளை அலைவுறச் செய்யும்.

ஆகவே புதிய அலுமினிய மின்தேக்கியே பல இடங்களில் பொருத்தமானது. 105 பாகையில் 2000 மணி நேரம் எனக் குறிக்கப்பட்டது, வெப்பம் 10 பாகை குறையும்தோறும் ஏறக்குறைய இருமடங்கு நாள் உழைக்கும். 65 பாகையில் இது 32,000 மணி, அதாவது இடைவிடாமல் இயங்கினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். குளிர்ந்த இடத்தில் இயங்குவது இன்னும் நீடிக்கும்.

சோதனை

மின்னோட்ட வரம்பு உள்ள மின்வழங்கியில் 13.8 வோல்ட்டு கொடுத்து, முதலில் வாங்கும் பகுதியை மட்டும் சோதிக்க வேண்டும். வழக்கத்தைவிட மின்னோட்டம் கூடுதலாயின் உடனே நிறுத்திக் குறுக்கிணைப்பைத் தேட வேண்டும். ஒலிபரப்பைச் சோதிக்கும்போது அலைவாங்கிக்குப் பதிலாக 50 ஓம் போலிச் சுமை இணைக்கப்படும். பழைய வானொலிகளின் திறன் திரிதடையங்கள் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு பீங்கான் உள்ளது. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சாதலால் அவற்றை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. கசிவு மீண்டும் தொடங்கியதா என அறிய, சில மாதங்களுக்குப்பின் ஒருமுறை மூடியைத் திறந்து, கழுவிய இடங்களில் பற்றாசு மங்கியுள்ளதா எனப் பார்ப்பது வழக்கம்.